எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? ஓர் ஆன்லைன் சட்ட ஆலோசனை, 3/5

ஜெர்மனியில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு என் நாட்டில் இருந்தபடியே மென்பொருள் வேலை செய்து கொடுத்தேன். கடைசி இன்வாய்ஸுக்குப் பணம் வரவில்லை. ஒப்பந்தத்தில் "வழக்கு பெர்லின் நீதிமன்றத்தில்" என்று ஒரு வரி இருந்ததே தவிர, எந்தச் சட்டப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது. பெர்லின் என்றால் ஜெர்மன் சட்டம்தானே என்று நினைத்துக்கொண்டுதான் இந்தச் சேவையில் (பெயர் வேண்டாம்) பதிவு செய்தேன்.

முதலில் வந்த எழுத்து அறிக்கை தண்டம். 11 பக்கத்தில் பாதிக்கு மேல் வெட்டி ஒட்டியது. கார் விபத்து ஒன்டாரியோவில் நடந்திருந்தும் நியூயார்க் நீதிமன்றம் தன் சட்டத்தையே பொருத்திய 1963-ஆம் ஆண்டு பாப்காக் எதிர் ஜாக்சன் வழக்கு சுவாரசியம்தான், ஆனால் என் இன்வாய்ஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதைவிட மோசம், 1980 வியன்னா சரக்கு விற்பனை உடன்படிக்கையை என் தலையில் கட்டியிருந்தார்கள். பெரும்பகுதி உழைப்பும் சேவையுமாக இருக்கும் ஒப்பந்தத்துக்கு அது செல்லாது என்று அதன் 3-ஆவது பிரிவே சொல்கிறது.

சண்டை போட்ட பிறகு ஒரு மூத்த வழக்கறிஞரோடு வீடியோ கால் கொடுத்தார்கள். நட்சத்திரங்கள் எல்லாம் அந்த 40 நிமிடத்துக்குத்தான். ஒப்பந்தத்தைத் திரையில் திறந்து, அந்த ஒற்றை வரியில் கர்சரை நிறுத்தி, "இது எங்கே கேட்கணும்னு மட்டும்தான் சொல்லுது, எதை வச்சுத் தீர்க்கணும்னு சொல்லலையே" என்றார். ஜெர்மன் நீதிமன்றம், ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று தீர்மானிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ரோம் 1' விதிகளைப் பார்க்குமாம். சட்டம் எதுவென்று இருவரும் முடிவு செய்யாத ஒப்பந்தத்தில், 4-ஆவது பிரிவுப்படி பொதுவாக சேவை கொடுப்பவர் இருக்கும் நாட்டின் சட்டம், அதாவது என் நாட்டுச் சட்டம், அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும்கூட. நான் நிமிர்ந்து உட்கார்வதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டார்: பெர்லினைத் தேர்ந்தெடுத்ததே ஜெர்மன் சட்டத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம், விதிகளின் முன்னுரையிலேயே அதற்கு இடமிருக்கிறது. அப்புறம், எந்தச் சட்டம் என்றானாலும் வழக்கு நடத்தும் முறை ஜெர்மன் முறைதான். என் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று நீதிபதி நிபுணரிடம் கருத்து கேட்டால் காலமும் செலவும் கூடும்.

அடுத்த ஒப்பந்தங்களுக்கு நீதிமன்றத்துக்கு ஒரு வரி, சட்டத்துக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுதியும் கொடுத்தார். பதிவு செய்பவர்கள் எழுத்து அறிக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகக் காலுக்குப் போங்கள். ஒப்பந்தத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், மனிதர் படித்துவிட்டுத்தான் வருகிறார்.