டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு: எந்த சென்சாரை நம்பலாம்?

இந்தியாவின் வாகனப் புகை வரம்புகளான பி.எஸ்.6 விதிகள் 2020 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, டீசல் கார் கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்று அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடு (நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டைஆக்சைடும் சேர்ந்தது) 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைந்தது. இவ்வளவு சிறிய அளவைப் பிடிக்க வேண்டிய கருவியின் மீதுதான் இனி எல்லாப் பொறுப்பும். ஆனால் ஆய்வகத்தில் துல்லியமாக அளக்கும் கருவி வண்டிக்குள் வாழாது. வண்டிக்குள் வாழ்வது அவ்வளவு துல்லியமானது இல்லை.

லாரிகளின் புகைக்குழாயில் இன்று இருப்பது சிர்கோனியா பீங்கானால் ஆன சென்சார். ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் இயங்கும் இதற்குள் இரண்டு சிறிய அறைகள் உண்டு. முதல் அறை, புகையில் உள்ள ஆக்சிஜனை மின்சாரத்தால் உறிஞ்சி வெளியேற்றுகிறது. இரண்டாவது அறையில் எஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. அந்த ஆக்சிஜனை வெளியேற்றத் தேவைப்படும் மின்னோட்டமே அளவு. குறைந்த செறிவில் அந்த மின்னோட்டம் நானோ ஆம்பியர் கணக்கில்தான் இருக்கும். அதிர்வும் கரியும் வெப்பமும் தாக்கும் இடத்தில் அதை அளக்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

குறைகளும் பெரியவை. வழக்கமான பிழை வரம்பு கூடவும் குறையவும் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு). யூரியா கரைசலால் சுத்திகரிக்கப்பட்ட புகையில் சில பிபிஎம் மட்டுமே மிஞ்சும்போது அந்தப் பிழை அளவையே விழுங்கிவிடும். அதைவிடச் சிக்கலானது அம்மோனியா. தெளிக்கும் யூரியா சூட்டில் அம்மோனியாவாகி, அதுதான் நைட்ரஜன் ஆக்சைடை நீக்குகிறது. யூரியா அதிகமாகிவிட்டால் வினையில் ஈடுபடாத அம்மோனியா குழாயின் முடிவு வரை வரும். சென்சார் அதையும் நைட்ரஜன் ஆக்சைடாகவே எண்ணும். இதைக் கவனிக்காத கட்டுப்பாட்டு நிரல், புகை கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் யூரியாவைத் தெளிக்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் குழாயில் நீர்த்துளிகள் இருக்கும். அவை சூடான பீங்கானில் பட்டால் அது விரிசல் விட்டுவிடும். அதனால் குழாய் உலரும்வரை சென்சார் அளக்காமல் காத்திருக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியும் சூடேறாமல் மாசு அதிகமாக வருவது அந்த நிமிடங்களில்தான்.

வாயு மின்முனையில் உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளக்கும் கலப்பு மின்னழுத்த சென்சார் இதற்கு எளிய மாற்று. அதன் அமைப்பு எளிது, மலிவாகவும் செய்யலாம். ஆனால் நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டைஆக்சைடும் அதில் எதிரெதிர் திசையில் மின்னழுத்தத்தைத் தருகின்றன. இரண்டும் கலந்த புகையில் ஒன்றை மற்றொன்று மறைத்துவிடும். இந்தக் காரணத்துக்காகவே நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆய்வகத்தின் அளவுகோல் வேதி ஒளிர்வு முறை. நைட்ரிக் ஆக்சைடு ஓசோனுடன் சேரும்போது பிறக்கும் மெல்லிய ஒளியை எண்ணும் கருவி அது. டைஆக்சைடை முதலில் நைட்ரிக் ஆக்சைடாக மாற்றித்தான் அளக்க முடியும். ஓசோன் உற்பத்தி, சூடேற்றிய குழாய், அளவுத்திருத்த வாயு என்று சுமை அதிகம். புற ஊதா ஒளி உறிஞ்சல் கருவி இரண்டையும் நேரடியாக அளப்பதால் அந்த மாற்றி தேவையில்லை. வண்டியில் ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனையில் இந்த இரு முறைகளையுமே பயன்படுத்துகிறார்கள். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு இப்படி வண்டியில் ஏற்றிய கருவியுடன் ஓட்டிப் பார்த்ததில்தான், ஒரு வோக்ஸ்வாகன் கார் அமெரிக்க வரம்பைப் போல் 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடை வெளியிடுவது தெரிந்தது. சோதனையின்போது மட்டும் மாசைக் குறைத்துக் காட்டியதாக 2015இல் வெடித்த மோசடி வழக்கின் தொடக்கம் அதுதான். அந்த வேலைக்குச் சிர்கோனியா போதாது என்று சொல்லமாட்டேன்; 35 மடங்கை அதுவும் கண்டுபிடித்திருக்கும்.

எனவே சான்றிதழ் வழங்க வேதி ஒளிர்வும் புற ஊதாவும். ஆயுள் முழுதும் காவல் காக்கச் சிர்கோனியா. நம் ஊர் மாசுக்கட்டுப்பாட்டுச் சான்றிதழ் சோதனை டீசல் வண்டியின் புகை அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. கலிபோர்னியாவில் 2022 மாடல் முதல் கனரக வண்டிகள் தம் நைட்ரஜன் ஆக்சைடுக் கணக்கைத் தாமே பதிந்து வைத்திருக்க வேண்டும். இங்கே பி.எஸ்.6 லாரியின் குழாயில் சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. சோதனை மையத்தில் புகையை அளக்கும் புதிய கருவி எதையும் வாங்காமல், அந்தச் சென்சாரின் அளவுகளை வைத்து வண்டி சேர்த்துவைக்கும் கணக்கைப் படித்தாலே போதும். அதைச் சட்டம் கேட்க வேண்டும்.