"65 வாட், லேப்டாப்புக்கும் ஏறும்" என்று விற்கிறார்கள். பவர் பேங்க் வாங்குமுன் அடிப்பக்கத்தைப் படியுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப்புக்கான பவர் பேங்க் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் வாங்கியது 20,000 எம்ஏஎச். பெட்டியில் கொட்டை எழுத்தில் "65 வாட்", பக்கத்தில் ஒரு லேப்டாப் படம். என் லேப்டாப் சார்ஜரும் 65 வாட், டைப்-சிதான். "லேப்டாப்புக்கு ஏறுமா?" என்று கேட்டதும் கடைக்காரர் மூடியிருந்த என் லேப்டாப்பிலேயே செருகிக் காட்டினார். பவர் பேங்கின் சின்னத் திரையில் எண் மினுக்கியது. பில் போட்டு முடிப்பதற்குள் 71 என்பது 72 ஆனது. "பாருங்க சார், ஏறுது" என்றார்.

ஏறியது உண்மைதான். ஏறியது பவர் பேங்குக்கு! என் லேப்டாப்பில் இருந்த சார்ஜை அது உறிஞ்சிக்கொண்டிருந்தது. அன்று இரவு ரயிலில் வேலை செய்ய உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. செருகி வைக்க வைக்க லேப்டாப் பேட்டரி இறங்குகிறது, பவர் பேங்க் எண் கூடுகிறது.

சி-டு-சி கேபிளுக்கு இரண்டு முனையும் ஒன்றுதான். யார் கொடுப்பது, யார் வாங்குவது என்பதைக் கேபிளில் உள்ள சிசி என்ற கம்பி வழியாக இரண்டு கருவிகளும் பேசி முடிவு செய்கின்றன. லேப்டாப், பவர் பேங்க் இரண்டுமே கொடுக்கவும் வாங்கவும் கூடியவை என்பதால் சில நேரம் திசை மாறிப்போகும். நல்ல பவர் பேங்கிலும் இது நடக்கும். கழற்றிவிட்டு, பவர் பேங்கின் பட்டனை அழுத்தி, அது விழித்திருக்கும்போதே செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நானும் செய்தேன். லேப்டாப்பில் சார்ஜ் குறி ஒரு கணம் வந்தது, போய்விட்டது.

அப்புறம்தான் மொபைல் டார்ச்சை அடித்து அடிப்பக்கத்தைப் படித்தேன். கறுப்பு மேல் சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்து. டைப்-சி அவுட்புட்: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர், 12 வோல்ட் 1.67 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது அதிகபட்சம் 20 வாட். என் லேப்டாப் சார்ஜரில் இருப்பது 20 வோல்ட் 3.25 ஆம்பியர். 20 வோல்ட் இந்தப் பவர் பேங்கில் கிடையவே கிடையாது. அப்படியானால் 65 எங்கிருந்து வந்தது? இரண்டு பழைய யூஎஸ்பி-ஏ துளைகளுக்குத் தலா 22.5, டைப்-சிக்கு 20. மூன்றையும் கூட்டிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அந்த 22.5கூட சில போன்களின் சொந்த ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கு மட்டும்தான், லேப்டாப்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

திரும்பக் கொண்டுபோனால், "கேபிள் சரியில்லை சார், இந்த 100 வாட் கேபிள் போடுங்க" என்று இன்னொன்றைத் தள்ளப் பார்த்தார். 3 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அந்த வகைக் கேபிள் தேவை. 20 வோல்ட்டே தராத பவர் பேங்குக்கு எந்தக் கேபிள் போட்டு என்ன? அடுத்து, "உங்க லேப்டாப் போர்ட் கம்ப்ளைண்ட்" என்றார். என் சார்ஜரை அதே போர்ட்டில் செருகிக் காட்டினேன். உடனே ஏறியது. கடைசியில் பில்லில் இருந்த முத்திரையைக் காட்டினார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது."

அந்த முத்திரையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பொருளைத் திரும்பக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெட்டி, அடிப்பக்கம், பில் மூன்றையும் போட்டோ எடுத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து போன் வந்தது. பணம் கிடையாதாம், வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். புகார் நிலுவையில் இருக்கிறது.

நீங்கள் வாங்கினால், டைப்-சி அவுட்புட் வரியில் 20 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். செருகிக் காட்டினால் பவர் பேங்க் எண்ணை விட்டுவிட்டு லேப்டாப் திரையில் சார்ஜ் குறி நிற்கிறதா என்று கவனியுங்கள். பில்லில் வெறும் "பவர் பேங்க் 1" என்று எழுத விடாமல், மாடல் பெயரோடு "டைப்-சி 20 வோல்ட்" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.