வாடகை ரோட்டவேட்டர்: வேலை சுத்தம், மண்தான் பாவம்

ஆலங்குடிப் பக்கம் எங்கள் செம்மண் காட்டில் நிலக்கடலை விதைப்புக்கு முன் டிராக்டரில் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் இந்த வாடகை ரோட்டவேட்டரை ஓட்டினோம். ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு வந்தார், வரப்போரத்தைக்கூட விடவில்லை. குறை அதிலில்லை. "இன்னொரு ஓட்டு ஓட்டினால் மாவாகிவிடும் அண்ணே" என்று பெருமையாகச் சொன்னாரே, அதில்தான் வில்லங்கம். மண் ஏன் மாவாக வேண்டும்? மண் துகள்கள் ஒட்டிய சிறு கட்டிகளுக்குள் பத்திரமாக இருக்கும் மட்கு, அதாவது மக்கிய இலைதழைச் சத்து, கட்டி உடைந்து காற்றுப் பட்டதும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிக் கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. மண்வள அட்டையில், மட்கின் அளவைக் காட்டும் அங்ககக் கார்பன் 0.5 சதவீதத்துக்கும் கீழே என்று வந்த நிலம் இதைத் தாங்குமா? அடுத்த மழையிலேயே மேல்மண் ஏடு கட்டியது. கடலை முளை முட்டித் திணறியது. கத்தி அரையடிக்கு மேல் இறங்குவதில்லை; அதற்கு அடியில் மண் இறுகிக்கொண்டே போகிறது. அந்த இறுக்கத்தை உடைக்க, மண்ணைப் புரட்டாமல் ஓரடிக்கு மேல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை வேண்டும். இந்த வாடகைக்காரர்களிடம் அது இல்லை.

சோளத் தட்டையை மடக்கி உழ ஒரே ஓட்டுக்குத் தாராளமாகக் கூப்பிடலாம். இரண்டாவது ஓட்டுக்கு அடி போட்டால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.