போலோ டிஎஸ்ஐ ரீமேப்: 46,000 கி.மீ. ஓட்டியபின்

2021ல் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். 22,000 கி.மீ.யில் ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டேன், அதாவது பார்ட்ஸ் எதையும் மாற்றாமல் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மட்டும் மாற்றி பவரைக் கூட்டுவது. இப்போது மீட்டரில் 68,000. பவர் எவ்வளவு ஏறியது என்று யாரும் என்னைக் கேட்பதில்லை, "மைலேஜ் எவ்வளவு அடி வாங்குச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். நல்லவேளை, வண்டி வந்த நாளிலிருந்தே ஃபுல் டேங்க் அடித்துக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. பெரும்பாலும் ஒரே பங்க், ஆட்டோ கட் ஆனதும் போதும் என்று சொல்லிவிடுவேன். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை எடுத்துக்கொள்வதில்லை. என் வண்டியில் அது ஒரு கிலோமீட்டராவது கூட்டித்தான் சொல்கிறது.

கம்பெனி கொடுத்தது 110 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க் (இழுவிசை). இதே குடும்பத்து ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினை ஐரோப்பாவில் 'அப் ஜிடிஐ' என்ற குட்டிக் காரில் 115 பிஎஸ், 200 என்எம் என்று விற்றார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு ஆசை வந்தது. போட்டுக் கொடுத்தவர் 135 பிஎஸ் வரும் என்றார். பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றிப் பார்க்கவில்லை, அந்த எண்ணுக்கு நான் ஜவாப்தாரி இல்லை. என் டைனோ, பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்பெல்லாம் வளைவு முடிந்து மூன்றாவது கியர் போட்டால் வண்டிக்கு மூச்சு வாங்கும், திரும்ப இரண்டுக்கு இறங்க வேண்டும். இப்போது நாலு பேரும் லக்கேஜும் இருந்தாலும் மூன்றிலேயே இழுத்துக்கொண்டு போகிறது.

பவர் கூடினால் பெட்ரோல் கூடத்தானே வேண்டும்? ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது கூடத்தான் செய்யும். ரீமேப் பெரும்பாலும் கை வைப்பது டர்போ அழுத்தம், இக்னிஷன் டைமிங், டார்க் வரம்பு ஆகியவற்றில். ஹைவேயில் 80ல் சீராகப் போகிற காருக்கு இருபது குதிரைத்திறன்கூடத் தேவைப்படாது. அந்த நேரத்தில் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு பழையபடியே 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்கிற கணக்கை ஒட்டித்தான் ஊற்றுகிறது.

ஆனால் என் நோட்டு முதலில் வேறு கதை சொன்னது. ரீமேப்புக்கு முன் டவுனும் ஹைவேயும் கலந்து லிட்டருக்கு 15.9. போட்ட பிறகு முதல் இரண்டு டேங்க் 12.8! போட்டுக் கொடுத்தவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் லேப்டாப்பைச் செருகி, பதிவாகியிருந்ததை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் நான் என்ன ஆட்டம் போட்டிருக்கிறேன் என்று அதில் அப்படியே இருந்தது. புது பொம்மை மோகம் தீர இரண்டு மாதம் ஆனது. அதன்பின் ஒரு வருடச் சராசரி 16.2. கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை இருப்பதால் கியர் இறக்குவது குறைந்தது, அந்த 0.3 அதனால்தான் என்று நினைக்கிறேன். காற்றழுத்தத்தைச் சரியாக வைத்தாலே அவ்வளவு கிடைக்கும், அதனால் பெருமையடிக்க ஒன்றுமில்லை.

நடுவில் அழகுக்காக அகலமான டயர் போட்டு 14.9க்கு இறங்கினேன். ஆறே மாதத்தில் கழற்றி மச்சான் தலையில் கட்டினேன். சத்தம் போடும் எக்ஸாஸ்ட் பக்கம் போகவே இல்லை. மெக்கானிக் கோளாறு பார்க்கச் செருகும் ஓபிடி போர்ட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்களே ஒரு டப்பா, நண்பன் ஒருவன் வாங்கியதைப் பிரித்துப் பார்த்தோம். லைட் எரிவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

போன வருடம் சராசரி 15.3க்கு வந்துவிட்டது. மறுபடி ரீமேப்பைத் திட்டப் போனவன், பங்கில் எத்தனால் கலந்த இ20தான் ஊற்றுகிறார்கள் என்பது உறைத்து நிறுத்திக்கொண்டேன். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. இருபது சதவீதம் கலந்தால் கணக்குப்படி ஆறேழு சதவீதம் போகும். என் நோட்டும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

செலவு? 61,000ல் கிளட்ச் போனது. ஐந்தாவது கியரில் முழுக்க மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. கூடுதல் டார்க்குக்குக் கொடுத்த விலை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றுகிறேன். போட்டுக் கொடுத்த மேப் 95 ஆக்டேனுக்கானது, அதனால் சாதா பெட்ரோல் அடிப்பதில்லை. அந்தக் கூடுதல் காசைச் சேர்த்தால் ரீமேப் பணத்தை மிச்சப்படுத்தவில்லை, செலவுதான். ஆறாவது கியரில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே அழுத்தி மிதிப்பதையும் விட்டுவிட்டேன். சின்ன டர்போ எஞ்சினில் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டால் பிஸ்டனே உடையலாம். வாரண்டி இருக்கும்போதே போட்டது முட்டாள்தனம். எதுவும் ஆகவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

ரீமேப் விஷயம் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. போன மாதம் கோபியிலிருந்து சேலம் போய்வந்தார், எண்பதைத் தாண்டாமல். டேங்க் நிரப்பிப் பார்த்தால் 18.7. நான் ஒருநாளும் எடுக்காத மைலேஜ். சாவியைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "வண்டி முன்னைக்கு இப்ப நல்லா இழுக்குது கண்ணு. சர்வீஸ் உட்டியா?"