ஊர்ல பிபி மாத்திரை பட்ட பாடு

ஷார்ஜாவுல இருந்து கல்லிடைக்குறிச்சிக்கு லீவுல போனேன், பாதி லீவு பெரியப்பாவோட பிபி மாத்திரை பின்னாலயே போச்சு. நல்லத முதல்ல சொல்லிருதேன். 2021ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எங்க தெருவுல நெசமாவே நடக்கு, ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பிபி பாத்து நோட்டுல எழுதிட்டு மாத்திரையும் குடுத்துட்டுப் போறாவ, பைசா கிடையாது.

கூத்து என்னன்னா பெரியப்பா அதெல்லாம் வாங்கி டப்பாவுல சேத்துல்லா வச்சிருக்காவ! கேட்டா "பிபி மாத்திர தின்னா கிட்னி போயிரும்ல, டீக்கடையில அத்தன பேரும் சொல்லுதான்". ஆனா முட்டு வலிக்கு மெடிக்கல்ல கவர்ல போட்டுக் குடுக்குற மாத்திரைய மட்டும் ஒருநாள் விடுறதில்ல. சீட்டும் கேக்கல, பில்லும் தரல, அட்டையில பேரு இருக்க பக்கத்த வெட்டிட்டுத்தான் குடுக்கான். எனக்கு வந்த கோவம்!

மறுநாள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஓபி சீட்டு வரிசை சொல்லி மாளாது, ஒக்கார இடமில்ல, ஆனா டாக்டரம்மா பொறுமையா பேசுனாவ. கிட்னிய கெடுக்குறது ஏறிக்கிடக்குற பிபிதான், உள்ள இருக்க பொடி ரத்தக்குழாயெல்லாம் இறுகிப் போயிரும். எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் மாதிரி பிபி மாத்திரைங்க கிட்னி ஃபில்டர்ல பிரஷர கொறச்சு, யூரின்ல புரோட்டீன் ஒழுகுறதையும் கொறைக்கும். ஆரம்பிச்ச புதுசுல ரத்தத்துல கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேத்துற கழிவு, கொஞ்சம் ஏறலாம், 30 சதவீதத்துக்குள்ளன்னா பொதுவா நிறுத்த மாட்டாங்களாம், அந்த ரிப்போர்ட்ட பாத்துட்டுத்தான் நம்மாளுக கிட்னி போச்சுன்னு கெளப்பி விடுதானுவ. பொட்டாசியமும் ஏறலாம், அதான் 2-4 வாரத்துல ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுதாவ.

நெசமான வில்லன் அந்த கவர் மாத்திரை. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைய இந்த பிபி மாத்திரையோடயும், யூரின் அதிகமா போக வைக்கிற நீர் மாத்திரையோடயும் சேத்துப் போட்டா கிட்னிக்குப் போற ரத்தமே கொறஞ்சிரும். வாந்தி பேதி நேரத்துல இன்னும் மோசம், அப்போ பிபி மாத்திரைய தொடரணுமா வேண்டாமான்னு டாக்டர்ட்ட உடனே கேட்டுக்கணும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு சொன்னதும் பெரியப்பா மூஞ்சி வாடிட்டு, கல்லிடை அப்பளம் இல்லாம சோறு எறங்காதே. சோடியம் கொறஞ்ச உப்பு போடலாம்லான்னு பெரியம்மா கேட்டாவ, அதுல பொட்டாசியம் உண்டு, ரத்த டெஸ்ட் ரிசல்ட் வராம தொடாதீங்கன்னுட்டாவ டாக்டரம்மா. மாத்திரை இப்போ ஒழுங்கா போடுதாவ, அப்பளத்துக்குத்தான் தெனமும் சண்ட.