கருத்துக்கணிப்பும் வெளிநாட்டுச் செய்தியும்: நீண்ட காலம் பயன்படுத்தியவனின் மதிப்பீடு

"யாரைக் கேட்டாங்க? என்னைக் கேட்கலையே!" "எல்லாம் காசு வாங்கிக்கிட்டுப் போடுறது." எந்த நாட்டில் தேர்தல் வந்தாலும், முதல் கருத்துக்கணிப்பு வெளியான அன்றே இந்த இரண்டு பேச்சும் கிளம்பிவிடும். வெளிநாட்டு ஊடகம் ஒன்று கட்டுரை போட்டால் மூன்றாவதும் சேரும்: "இவனுக்கு நம்ம ஊரைப் பத்தி என்ன தெரியும்?"

பல ஆண்டுகளாகக் கருத்துக்கணிப்பு, வெளிநாட்டுச் செய்தி இரண்டையும் தொடர்ந்து படிக்கிறேன். பிற நாட்டுத் தேர்தல்களைப் புரிந்துகொள்ள எனக்கு வேறு வழியில்லை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருத்துக்கணிப்பை இன்னமும் பயன்படுத்துகிறேன். வெளிநாட்டு ஊடகத்தின் அரசியல் கதையை வெகுவாகக் குறைத்துக்கொண்டேன். கணிப்புக்கு வாக்கு எண்ணும் நாள் என்று ஒன்று இருக்கிறது, அன்று குட்டு வெளிப்பட்டே தீரும். கதை எழுதியவர்களுக்கு அப்படி ஒரு நாள் வருவதேயில்லை.

"என்னைக் கேட்கலையே" என்பது நியாயமான கோபம்தான், ஆனால் எண்ணிக்கை பிரச்சினையே இல்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. குடியரசுக் கட்சியின் லாண்டன் ஜெயிப்பார் என்றார்கள், எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளறிவிட்ட பானைக்குத்தான் பொருந்தும். கார், தொலைபேசி வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து முகவரி எடுத்தது கிளறாத பானை.

இன்றைக்குக் கிளறுவதே பெரும்பாடு. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, தொலைபேசிக் கணிப்புகளுக்குப் பதில் சொல்பவர்கள் 1997இல் 36 விழுக்காடு, 2018இல் 6 விழுக்காடு. நூறு பேரை அழைத்தால் 94 பேர் எடுப்பதில்லை, அல்லது எடுத்து வைத்துவிடுகிறார்கள். பதில் சொல்லும் ஆறு பேர் மற்றவர்களைப் போன்றவர்கள்தானா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. இளைஞர் குறைவாக வந்தால் அவர்கள் பதிலுக்குக் கூடுதல் எடை, படித்தவர் அதிகம் வந்தால் குறைந்த எடை என்று நிறுவனங்கள் சரிக்கட்டுகின்றன. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கு எடை போடவில்லை. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியாவில் அடி வாங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இந்த எடை போடும் வேலை எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதை நியூயார்க் டைம்ஸ் அதே ஆண்டு நடத்திய ஒரு சோதனையில் பார்க்கலாம். புளோரிடாவில் 867 வாக்காளர்களிடம் எடுத்த பதில்களை அப்படியே நான்கு வெவ்வேறு நிபுணர் குழுக்களிடம் கொடுத்தார்கள். பதில் சொன்னவர்களும் சொன்ன பதில்களும் ஒன்றே. ஒரு குழு ஹிலாரி கிளிண்டன் 4 விழுக்காட்டுப் புள்ளி முன்னிலை என்றது, இன்னொன்று 3, இன்னொன்று 1. நான்காவது குழுவோ டிரம்ப் 1 புள்ளி முன்னிலை என்றது. யாரும் காசு வாங்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. யார் வாக்களிக்க வருவார்கள் என்ற ஊகம் ஆளுக்கு ஆள் மாறியது, அவ்வளவுதான். ஒற்றைக் கணிப்பை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இதைத்தான்.

"கூட்டல் கழித்தல் 3 விழுக்காடு" என்று அடியில் பொடி எழுத்தில் போடுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மாதிரி எடுப்பதில் வரும் பிழை மட்டும். அமெரிக்கத் தேர்தல்களை வைத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நடைமுறைப் பிழை ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு என்று கண்டது. இரண்டு வேட்பாளர்களுக்கு இடையிலான வித்தியாசம் என்று வரும்போது பிழை இன்னும் பெருகும். 2 புள்ளி முன்னிலையை "முந்துகிறார்" என்று தலைப்பாக்குவது எனக்கு ஒப்பாத வேலை.

இடங்களாக மாற்றும்போது நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் 2019இல் பா.ஜ.க. 37 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்கு வாங்கி 303 இடங்களைப் பிடித்தது. 2024இல் வாக்கு ஒரு விழுக்காடு கூடக் குறையவில்லை, இடங்களோ 240. 63 இடங்கள் போயின. அந்த ஆண்டு எக்சிட் போல்கள் பலவும் பா.ஜ.க. கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன, சில 400ஐத் தொட்டன. வந்தது 293. ஆகவே, வாக்கு விழுக்காட்டைச் சொல்லாமல் இடங்களை மட்டும் சொல்லும் கணிப்பை நான் படிப்பதே இல்லை.

எல்லாக் கணிப்பும் ஒரே எண்ணைச் சொன்னால் நம்பிக்கை கூடுவது இயல்பு. எனக்கு அங்கேதான் சந்தேகம் கூடுகிறது. 2019 ஆஸ்திரேலியத் தேர்தலின் இறுதிக் கணிப்புகள் எல்லாமே லேபர் கட்சிக்கு 51 முதல் 52 விழுக்காடு என்றன. முடிவில் 51.5 விழுக்காட்டோடு ஆளும் கூட்டணியே ஜெயித்தது. தனித்தனியாக எடுத்த மாதிரிகள் இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்பது இயற்கையாக நடக்கக்கூடியதல்ல.

இவ்வளவும் இருந்தும் ஏன் விடவில்லை? 45 நாடுகளில் 1942 முதல் 2017 வரையிலான கணிப்புகளைத் திரட்டிப் பார்த்த ஜென்னிங்ஸ், வ்லெசியன் என்ற இரு ஆய்வாளர்கள், பிழைகள் காலப்போக்கில் கூடவில்லை என்று கண்டார்கள். "இப்போதெல்லாம் கணிப்பே பொய்" என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. 2016இல் நாடு தழுவிய கணிப்புகள் கிளிண்டனுக்குச் சுமார் 3 புள்ளி முன்னிலை கொடுத்தன. மொத்த வாக்கில் அவருக்கு 2 புள்ளி முன்னிலை கிடைக்கவும் செய்தது. அதே ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவதா என்ற பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்களில் பல கணிப்புகள் வெளியேறும் தரப்பு முன்னிலை என்றே காட்டின. "அதெல்லாம் நடக்காது" என்று அடித்துச் சொன்னவர்கள் கட்டுரையாளர்களும் பந்தயக்காரர்களும்தான்.

வெளிநாட்டுச் செய்தியாளர்மேல் எனக்குள்ள மனக்குறை இங்கே தொடங்குகிறது. அவர் தலைநகரில் இறங்குகிறார், ஆங்கிலம் பேசும் ஆய்வாளரையும் எதிர்க்கட்சிப் பிரமுகரையும் பார்க்கிறார், மொழிபெயர்ப்பாளர் அழைத்துப்போகும் இடங்களுக்குப் போகிறார். 2023 துருக்கித் தேர்தலின்போது, சில மாதங்கள் முன்பு நேர்ந்த நிலநடுக்கத்தின் கோபம் அதிபர் எர்டோகனைச் சாய்த்துவிடும் என்ற தொனியிலேயே பல கட்டுரைகள் வந்தன. நிலநடுக்கத்தின் மையமான கஹ்ரமான்மராஷ் மாகாணத்தில் அவருக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. கணிப்பு நிறுவனங்களும் அங்கே சறுக்கின. ஆனால் அவற்றின் எண்கள் பதிவில் நிற்கின்றன, இன்றும் எடுத்துவைத்துக் கேள்வி கேட்கலாம். தவறாகப் போன கதைகளுக்குக் கணக்குக் காட்டியவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய தன் செய்திகளில் குறை இருந்தது என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே மாதம் எழுதியது. அதற்குள் போர் தொடங்கி ஓராண்டு கடந்துவிட்டது.

ஆனாலும் "எல்லாம் வெளிநாட்டுச் சதி" என்று தூக்கிப் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். ரஷ்யாவில் அரசைச் சாராத முக்கியக் கணிப்பு நிறுவனமான லெவாடா மையத்தை 2016இல் நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சுமார் இரு வாரங்கள் முன்பு "வெளிநாட்டு முகவர்" பட்டியலில் சேர்த்தார்கள். மக்கள் மனத்தை யாரும் அளக்கக்கூடாது என்று விரும்புகிறவர்களுக்கு நம் சந்தேகம் இனாமாகக் கிடைக்கும் ஆயுதம். உள்ளூர் ஊடகத்தின் வாய் அடைக்கப்பட்ட நாடுகளில் வெளிநாட்டுச் செய்தியாளர் எழுதுவதுதான் ஒரே பதிவாக இருப்பதும் உண்டு. என்ன நடந்தது என்பதற்கு அவரைப் படிக்கிறேன். யார் ஜெயிப்பார் என்பதற்குப் படிப்பதில்லை.

எனக்கு வேண்டிய மேம்பாடுகள் இரண்டு. கணிப்பு நிறுவனங்கள் கேட்ட கேள்வியை வார்த்தை மாறாமல் போட வேண்டும், எடை போடாத எண்களையும் பக்கத்திலேயே தர வேண்டும். வெளிநாட்டு ஊடகங்கள், முடிவு வந்த வாரத்திலேயே, தேர்தலுக்கு முன் தாங்கள் எழுதிய கட்டுரைகளை முடிவோடு ஒப்பிட்டு, அதே முகப்பில் வெளியிட வேண்டும்.