டவுனுக்குள் டீசல் மிச்சம் பிடிக்கும், செலவும் அங்கேதான் வைக்கும்

மதுரையில் கார் வாங்கப் போகிறவரைப் பார்த்து எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் என்றால் டீசல், கீழே என்றால் பெட்ரோல் என்று தீர்ப்பும் கையோடு வந்துவிடும். 2012-ல் அந்தக் கணக்கு சரிதான். அந்த வருடம் இரண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபாயைத் தாண்டியும் வித்தியாசம் போனது. அப்புறம் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைத்தது (பட்ஜெட்டில் அதை அறிவித்தவர் அன்றைக்கு நம் மதுரை மத்தியத் தொகுதி எம்எல்ஏவாகவும் நிதியமைச்சராகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன்). 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6 என்று குறைத்தது. இப்படித் தேய்ந்து தேய்ந்து வித்தியாசம் எட்டு ரூபாய் அளவுக்கு வந்து நின்றது. ஆனால் அந்த ஆயிரத்து ஐந்நூறு கணக்கை மட்டும் யாரும் விடவில்லை.

ஒரே வண்டியில் இரண்டு இன்ஜினும் கிடைத்தால்தான் ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு. ஹூண்டாய் கிரெட்டாவை எடுத்துக்கொள்வோம். 1.5 லிட்டர் பெட்ரோல், 1.5 லிட்டர் டீசல், இரண்டும் 115 குதிரைத்திறனை ஒட்டித்தான். மேனுவல் கியர் வண்டிக்கு கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு பெட்ரோலில் 17.4 கிலோமீட்டர், டீசலில் 21.8. இது சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு எடுத்த எண். நம் ஊரில் ஏசியை அணைத்து ஓட்ட முடிகிற மாதம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த அளவு வண்டிகளில் நிஜமாகக் கிடைப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும். நரிமேட்டில் கிளம்பி, கோரிப்பாளையத்தில் நின்று, ஏ.வி. பாலம் ஏறி, சிம்மக்கல் வழியாக மாசி வீதிக்குள் நுழைகிற ஓட்டத்தில் பெட்ரோல் 11, டீசல் 15. நான்குவழிச் சாலையில் 90, 100 வேகத்தில் போனால் பெட்ரோல் 16 அல்லது 17, டீசல் 20. டேஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஒரே பெட்ரோல் பங்க்கில் டேங்க்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுபடி அதே பங்க்கில் நிரப்பி வகுத்துப் பார்ப்பதுதான் கணக்கு.

இந்த எண்களில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கணக்குக்கு பெட்ரோல் 101, டீசல் 93 என்று வைத்தால், ஹைவேயில் டீசல் மிச்சப்படுத்துவது கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். டவுனுக்குள் மூன்று ரூபாய். நெடும்பயணத்துக்குத்தான் டீசல் லாபம் என்று பழகிவிட்ட நமக்கு இது தலைகீழாகத் தெரியும்.

காரணம் இன்ஜின் வேலை செய்யும் விதம். பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியில் த்ராட்டில் என்று ஒரு தட்டு உண்டு. மெதுவாகப் போகும்போது அது முக்கால்வாசி மூடியிருக்கும். மூடிய வழியாகக் காற்றை உறிஞ்சவே இன்ஜின் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. டீசலில் காற்று தாராளமாக வரும், எரிபொருளின் அளவைத்தான் கூட்டிக் குறைப்பார்கள். அதனால் சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும் டீசல் மிகக் குறைவாகக் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிக எரிசக்தி இருப்பது தனி லாபம்.

சரி, அப்படியென்றால் டவுனுக்கு டீசல் வாங்கிவிடலாமா? இங்கேதான் சிக்கல். கொஞ்சமாக டீசலை நிறையக் காற்றோடு எரிப்பதால் புகை சூடாவதே இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, அதாவது டிபிஎஃப், இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், அந்தச் சூடு நிற்காமல் இருபது நிமிடமாவது நீடிக்க வேண்டும். நரிமேட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து கடை இரண்டு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டிக்கு அது எப்படிக் கிடைக்கும்? எரிபொருளை மிச்சப்படுத்தும் அதே குணம்தான் வடிகட்டியை அடைக்கிறது.

அடைப்பு தொடங்கும்போது வண்டியே சில அடையாளம் காட்டும். நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிற்கும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் போனால் காந்தல் வாடை வரும். அது கரியை எரித்துக்கொண்டிருக்கும் நேரம். தெரியாமல் நாம் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவோம். இப்படி நாலைந்து தடவை பாதியில் நின்றுபோனால் ஆரஞ்சு விளக்கு எரியும். மெக்கானிக்குகள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "அண்ணே, ஒத்தக்கடை தாண்டி மேலூர் வரைக்கும் ஒரு விரட்டு விரட்டிட்டு வாங்க. நாலாவது கியர்லயே வச்சு ரெண்டாயிரத்துக்குக் கொறையாம ஓட்டுங்க, லைட்டு தானா அணைஞ்சிரும்." பெரும்பாலும் அணைந்தும் விடும். அதையும் தள்ளிப்போட்டால் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டி எரிக்க வேண்டும். அதற்கும் மசியாமல் வடிகட்டியையே மாற்றச் சொன்னால் பில் ஆறு இலக்கத்துக்குப் போகலாம். ஓட்டிய விதம் சரியில்லை என்று வாரண்டியில் கையை விரிப்பதும் உண்டு.

இன்னொரு விஷயம், இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் தெரியும். கரியை எரிக்கச் சூடு ஏற்றுவதற்காக பல வண்டிகள் கொஞ்சம் கூடுதல் டீசலை சிலிண்டருக்குள்ளேயே பீச்சும். எரியாத மிச்சம் சுவரோரம் வழிந்து ஆயிலில் கலக்கும். வழக்கமாக ஆயில் நாளாக ஆகக் குறைய வேண்டும். டவுனுக்குள்ளேயே சுற்றும் பிஎஸ்-6 டீசலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருப்பதைப் பார்க்கலாம். அது நல்ல செய்தி இல்லை, நீர்த்துப்போன ஆயிலில்தான் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவும் சுற்றுகிறது. ஆயில் மாற்றும்போதும் டிபிஎஃப் வண்டிக்கென்று வரும் சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

"டீசல் இன்ஜின் உழைக்கும்" என்ற பெயர் டாடா சுமோ, குவாலிஸ் காலத்தில் வாங்கியது. இன்ஜின் இன்றைக்கும் உழைக்கும். டிராவல்ஸ் வண்டிகளைப் பாருங்கள், லட்சக்கணக்கில் ஓடியும் இன்ஜினைப் பிரிக்காதவை ஏராளம். இன்ஜினைச் சுற்றித் தொங்குகிற சாமான்கள்தான் அன்றைக்கு இல்லாதவை: டிபிஎஃப், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வு, கூட்டம் கூட்டமாக சென்சார்கள், 1,600 பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டர்கள். டிராவல்ஸ் வண்டி தினமும் சென்னைக்கோ ராமேஸ்வரத்துக்கோ ஓடுவதால் இவையெல்லாம் சுத்தமாகவே இருக்கின்றன. அந்த வண்டியின் பெயரை நம்பி, வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டப்போகிறவர் டீசல் வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

பெட்ரோலில் கெடுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், த்ராட்டிலில் படியும் அழுக்கு, எல்லாம் ஆயிரங்களில் முடியும் வேலை. டேங்க்குக்குள் இருக்கும் ஃபியூயல் பம்ப்பை பெட்ரோல்தான் குளிர்விக்கிறது, எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் அது சீக்கிரம் போகும். டர்போ பெட்ரோல் வேறு ரகம். காலைக் கட்டுப்படுத்தினால் நன்றாகக் கொடுக்கும், மிதித்தால் டவுனில் ஒற்றை இலக்கம்தான்.

பெட்ரோல்காரர்களின் இப்போதைய குறை எத்தனால். 20 சதவீதம் கலந்த இ20 நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கலப்பே இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், சீல்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். புது வண்டிகள் இதற்கென்றே தயாராகி வருகின்றன.

பணக் கணக்கை முடித்துவிடுவோம். டீசலுக்கு ஷோரூம் விலையில் சுமார் ஒன்றரை லட்சம் கூடுதல் என்று வையுங்கள். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 18 சதவீதம், ஆக 1.77 லட்சம். ஹைவேயிலேயே ஓட்டினால் 1,18,000 கிலோமீட்டரில் அது திரும்பி வரும். டவுனில் 59,000 போதும், ஆனால் டவுன்காரர் அந்த 59,000 ஓட்டி முடிக்க எட்டு ஒன்பது வருடம் ஆகும், நடுவில் ஒரு டிபிஎஃப் பில் வந்தால் எல்லாம் போச்சு. சின்ன எஸ்யுவியில் பெட்ரோல் 10 லட்சத்துக்குக் கீழும் டீசல் அதற்கு மேலும் விழுந்தால் வரியே 13-லிருந்து 18-க்குத் தாவும், அதையும் பாருங்கள்.

ஆக, உசிலம்பட்டியிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ தினமும் மதுரை வந்து போகிறவருக்கு டீசல். இன்ஜின் தினமும் சூடாகிறது, வருடத்துக்கு 25,000 ஓடுகிறது, ஐந்து வருடத்துக்குள் காசும் திரும்பிவிடும். கொடைக்கானலுக்கோ, 17 கொண்டை ஊசி வளைவுள்ள போடிமெட்டு வழியாக மூணாறுக்கோ ஐந்து பேரோடு அடிக்கடி ஏறுகிறவருக்கும் டீசல்தான். கிரெட்டா பெட்ரோலின் இழுவிசை 144 என்எம், அதுவும் 4,500 ஆர்பிஎம்மில். டீசலில் 250, அதுவும் 1,500-லேயே. வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறங்கி அலறவிட வேண்டியதில்லை. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் இருந்துகொண்டு மாதம் ஒரு தடவை திருச்செந்தூர் போகிறவருக்கு பெட்ரோல் போதும். கையில் காசு இருந்தால், பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் பார்க்கலாம், நெரிசலில் டீசலையே தோற்கடிக்கும்.

பழைய வண்டி தேடுகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2020-க்கு முந்தைய பிஎஸ்-4 சின்ன டீசல்களில், குறிப்பாக ஃபியட் 1.3 இன்ஜின் வைத்த ஸ்விஃப்ட், டிசையரில், இந்த வடிகட்டித் தொல்லை கிடையாது, டவுனுக்குள்ளும் தைரியமாக ஓட்டலாம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டுவிட்டாலும் ஸ்பேருக்குப் பஞ்சமில்லை. டெல்லியில் 10 வருடம் ஆன டீசலுக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து மலிவாக இறங்கிய வண்டிகளும் நம் பக்கம் வந்தன. ஆர்சி புத்தகத்தில் முதல் பதிவு எங்கே என்று பார்த்து, வெளி மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓ தந்த தடையில்லாச் சான்று (என்ஓசி) கையில் இருந்தால் மட்டும் பேசுங்கள். பார்க்கப் போவதைக் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் முன்பே பானெட் சூடாக இருந்தால், முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையை அவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.